ஏரிக்கரை ஊரை மறைத்தேன்

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மாசி மாதம், ஸ்காபரோவில் கியர் வெட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் முன் அனுபவம் இல்லை என்று எழுதியிருந்தேன். பச்சைப் பொய். அதற்கு முன் ஆறு வருடம் ஜேர்மனியில், பிரெட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஏரிக்கரை ஊரில், இதே வேலைதான் செய்தேன். ஆனால் இங்கே என் அகதி வழக்கு முடியவில்லை. என்னோடு அறையில் இருந்தவர், "அண்ணை, ஜேர்மனியில இருந்தனான் எண்டு மூச்சும் விடாதேங்கோ, அங்கேயே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார். நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே, வழக்கறிஞருக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் தரை கூட்டினேன். மூன்றாம் நாள் ஒரு மெஷினுக்கு ஆள் வரவில்லை. பொத்தானை மட்டும் அழுத்து என்று என்னை நிறுத்தினார்கள். பழகிய கை சும்மா இருக்குமா? வெட்டிய ஒவ்வொரு கியரையும் துடைத்து, பற்களை விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஒன்றோடொன்று முட்டாமல் துணியில் அடுக்கினேன். மேற்பார்வை செய்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கே பழகினாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். தன் அப்பாவும் இப்படித்தான் அடுக்குவார் என்று சொல்லி, தான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னார். அதே ஊர். குனிந்து அடுத்த கியரைத் துடைக்கத் தொடங்கினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊரின் கதையைச் சொன்னார். ஏரியில் மிதக்கும் கொட்டகை கட்டி, வாயு நிரப்பிப் பறக்கவிடும் ஆகாயக் கப்பல் செய்த ஊராம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து முக்கால்வாசி அழிந்துபோனது. ஆகாயக் கப்பல் செய்த அவருடைய அப்பா, இடிபாட்டில் பொறுக்கிய அலுமினியத்தில் சட்டி பானை செய்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டாராம். பிறகு அதே சனம்தான் கியரும் எஞ்சினும் செய்து உலகமெல்லாம் அனுப்பியது. எப்பேர்ப்பட்ட மனிதர்கள்! ஆறு வருடம் அங்கே பஸ் பிடித்து வேலைக்குப் போய்வந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் ஒரு புது விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார்.

"உன் வழக்கு உன் பாடு. ஆனால் அந்த ஊர் பழக்கிய கையை வைத்துக்கொண்டு அந்த ஊரை இல்லையென்று சொல்லாதே."

உண்மையை எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் வழக்கறிஞரிடம் போய்ச் சொல்லி, நன்றாக ஏச்சு வாங்கினேன். வழக்கு விசாரணையிலும் ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள். பயம் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்குச் சோறும் தொழிலும் தந்த ஊரை இல்லையென்று சொன்ன வெட்கம், அந்த மனுஷி என்னை ஒரு வார்த்தை ஏசாமல் விட்டதால்தானோ என்னவோ, இன்றைக்கும் சுடுகிறது.