அம்மாவிடமிருந்து வர வேண்டிய ஒன்று

அன்று டொக்டரின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், வாவியில் இறால் பிடிக்கும் என் கணவர், அவருடைய தாயாரான என் மாமி, எங்கள் ஆறு வயது மகள் ஜெனிற்றா, டொக்டர் அம்மா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். என் மகள் பேசமாட்டாள். வலிப்பு வரும். ஆனால் எந்நேரமும் சிரிப்பாள். தண்ணீரைக் கண்டால் கைதட்டிக்கொண்டு ஓடுவாள்.

அவள் வயிற்றில் இருந்தபோது, சுகமாகப் பிறந்தால் எங்கள் ஊரான தன்னாமுனையிலிருந்து மாதா கோயில் திருவிழாவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்திருந்தேன். நடக்கவில்லை. பஸ்ஸில் போனேன். அதற்குத்தான் பிள்ளையின் வாய் கட்டப்பட்டது என்று ஒருவருக்கும் சொல்லாமல் நம்பினேன். "ஆண்டவரே, என் பிழைக்கா பிள்ளையைத் தண்டித்தீர்? ஒரு பதில் சொல்லும்" என்று தினமும் அழுதேன்.

வெளிநாட்டுக்கு இரத்தம் அனுப்பிச் செய்த பரிசோதனையின் முடிவு அன்று வந்திருந்தது. யூபிஈ-3ஏ என்று ஒரு மரபணுவாம். டொக்டர் என் கணவரைப் பார்த்தார்.

"கூடையில பழுதான இறால நீங்க பொறுக்கி ஒதுக்கிறீங்கதானே? உடம்புக்குள்ள கழிக்க வேண்டிய புரதத்துக்கு அடையாளம் போட ஒரு நொதி இரிக்கு. அத உண்டாக்கிறது இந்த மரபணு. அம்மாட்ட இருந்து ஒண்டு, அப்பாட்ட இருந்து ஒண்டு வரும்; மூளையில அம்மாட்ட இருந்து வந்ததுதான் வேலை செய்யும். ஜெனிற்றாக்கு அது இல்ல. அதாலதான் பேச்சு வரல்ல, வலிப்பும் வருது."

"அம்மாட்ட இருந்து" என்றதும் என் பிழைதான் என்று முடிவு செய்துவிட்டேன். நேர்த்தியையும் பஸ்ஸையும் அழுதழுது கொட்டிவிட்டேன்.

மாமி எழும்பி வந்தார். "என்னகா சொல்றாய்? பச்ச உடம்போட வெயிலுக்குள்ள நடக்காத எண்டு உன்ன பஸ்ஸில ஏத்தினது நான்தானே! நானும் இவ்வளவு காலமா அத நினைச்சுத்தான் அழுறன்."

"அப்ப டிக்கட்டுக்குக் காசு குடுத்த என்னையும் சேருங்க" என்றார் என் கணவர்.

டொக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, உங்கட இரத்தத்தையும் பாத்தாச்சு. ஒரு குறையும் இல்ல. கரு உண்டாகிற நேரமே இது தானா விடுபட்டுப் போயிற்று. நீங்க நேர்த்தி வைக்க முந்தியே நடந்து முடிஞ்சுது."

முந்தியே! அதுதான் எனக்கு வந்த பதில். மாமியும் நானும் கட்டிப்பிடித்து அழ, ஜெனிற்றா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவை நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

அவள் இன்னும் பேசவில்லை. மருந்தால் வலிப்பு குறைந்திருக்கிறது. பசித்தால் அட்டையிலுள்ள சோற்றுக் கோப்பையின் படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். நானும் இப்போது நிம்மதியாக நித்திரை கொள்ளுகிறேன்.

பயத்தை ஒளித்து வைத்திருக்கும் தாய்மாரே, அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். வீட்டாரிடமும் சொல்லுங்கள். மனிதர் வாயாலேயே அவர் பதில் தரக்கூடும்.

எங்களுக்காகவும் ஜெபியுங்கள். பரிசோதனைக்கு வாங்கிய கடனில் இன்னும் மிச்சம் நாற்பத்திரண்டாயிரம் ரூபா.