அக்காவும் ஒன்பதாவது படமும்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் மொத்தம் முப்பத்திரண்டு பக்கங்கள். அதில் மூன்று பக்கங்களை எனக்கென்று அக்காவின் மகள் சுமதி ஒதுக்கியிருக்கிறாள். எழுபத்தாறு வருட வாழ்க்கையை மூன்று பக்கத்தில் எப்படி அடக்குவது என்று கேட்டேன். "அம்மா நாலு தலைமுறையையே இருபது பக்கத்துல அடக்கினவங்க மாமா. நீங்க முயற்சி பண்ணுங்க" என்றாள். முயற்சி செய்கிறேன். பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதோடு, பதினோரு ஆண்டுகளாக அக்காவின் பெயரில் நிற்கும் ஒரு தவறை இங்கே திருத்தியாக வேண்டும். இடம் போதாமல் போய்விடுமோ என்ற கவலை இருப்பதால் மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது அத்திபெலேயில். அப்பாவுக்கு அங்கே லாரி அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. அக்கா மூத்தவர், அடுத்தது நான், கடைசியில் தம்பி. அக்காவின் பதினேழாம் வயதில் அப்பா காலமானார். அம்மா எங்களை அழைத்துக்கொண்டு ஹலசூருக்கு வந்துவிட்டார். பத்தொன்பதாம் வயதில் அக்கா சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்ந்தார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் கோக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். நானும் தம்பியும் படித்தது அந்த வேலையால்.

இருபத்துநான்கில் திருமணம். அக்காவின் முப்பத்தெட்டில் அவர் கணவர் மாரடைப்பால் இறந்தார். அப்போது சுமதிக்குப் பதினொரு வயது. பதினேழாம் நாள் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். நாற்பத்தைந்தில் கணினி கற்கப் போனார். வகுப்பில் பதினெட்டுப் பேர். அக்காவைத் தவிர எல்லோரும் இருபது வயதுக்குக் கீழே. ஐம்பத்துமூன்றில் அச்சகம் மூடப்பட்டபோது, வீட்டின் முன்னறையில் ஒரு கணினியையும் ஒரு பிரிண்டரையும் வைத்துச் சொந்தத் தொழில் தொடங்கினார். பத்தடிக்கு ஒன்பதடி அறை. அதிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் விசிட்டிங் கார்டுகளும், கல்யாணப் பத்திரிகைகளும், ரிச்சர்ட்ஸ் டவுன் கிறிஸ்தவக் குடும்பங்களின் புதுநன்மை விழா அட்டைகளும் போயின. பிறகு புகைப்படப் புத்தகங்கள் வந்தன. பெயர்ப்பலகையே கிடையாது. ஹலசூர் ஆட்டோக்காரர்களிடம் "ஆல்பம் அம்மா வீடு" என்றால் போதும்.

ஐ.டி.யில் வேலை செய்யும் பிள்ளைகள் போனிலிருந்து நாலாயிரம் படங்களை அனுப்பிவிட்டு நாற்பது பக்கத்தில் புத்தகம் கேட்பார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏம்பா, எல்லாத்துலயும் நீ இருக்க. உங்கம்மா எங்க?" என்று கேட்பார். படம் எடுத்ததே அம்மாதான் என்பார்கள் சிலர். "அப்ப போய் அம்மாவ ஒரு படம் எடுத்துட்டு வா. அப்புறம்தான் ஆரம்பிப்பேன்." அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை.

நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். அறுபதாம் வயதில் அக்காவோடு சேர்ந்தேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பழைய படங்களை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுப்பது என் வேலை. ஒரு படம்கூடத் தொலைந்ததில்லை. கணினியில் பக்கங்களை வடிவமைத்தவள் எங்களோடு வேலை பார்த்த ஷாயிஸ்தா. படம் வந்த உறையை, புத்தகம் கைமாறும்வரை யாரும் தூக்கிப் போடக்கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு.

இனி அந்தத் தவறு. ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். குடும்பத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகிறது. விருந்தினர்களுக்குக் கொடுக்க அறுபது புத்தகங்கள் கேட்டிருந்தார். அவருக்கு ஆனேக்கலில் ஓர் அண்ணன். இருவரும் எட்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கல்யாணத்துக்காவது அண்ணன் வரவேண்டும் என்று, அழைப்பிதழோடு முதல் புத்தகத்தை அவருக்கே அனுப்ப நினைத்திருந்தார்.

அந்த வாரம் அக்கா ஒரு திருமணத்துக்காக வேலூர் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். "எங்கள் முன்னோர்" என்ற பக்கத்துக்கு எட்டுப் படங்கள் ஒரு பெரிய உறையில் வந்திருந்தன. அதற்குள் ஒரு சிறிய உறை, அதில் ஒரு படம். ஆக ஒன்பது. எல்லாமே கறுப்பு வெள்ளை. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எனக்கு ஏற்பட்ட திருப்தியை என்ன சொல்ல. "அங்கிள், ஒன்பதும் இதுலயேவா?" என்று ஷாயிஸ்தா கேட்டாள். "ஒன்பதும்தான்மா. மூணு மூணா வை" என்றேன். ஒவ்வொரு படத்துக்கும் பொட்டும் மாலையும் வரைந்தாள். வாடிக்கையாளர் போனின் சின்னத் திரையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பன்னிரண்டு புத்தகங்களை முன்னதாக வாங்கிப் போய், முதலாவதை அண்ணனுக்கு அனுப்பி, மற்றவற்றை நெருங்கிய உறவினர்களுக்குக் கொடுத்தும்விட்டார்.

அக்கா திரும்பி வந்த அன்று காலை அந்த வாடிக்கையாளரிடமிருந்து போன். "எட்டு வருஷம் கழிச்சு அண்ணன் இன்னிக்குத்தான் போன் பண்ணார்மா. 'எனக்கு மாலை போட்டுட்டியாடா'ன்னு ஒரே வார்த்தை. வெச்சிட்டார். இப்ப எடுக்கவே மாட்டேங்கறார். கண்ண எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

ஒன்பதாவது படம் அந்த அண்ணனுடையது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறே நாள். அக்கா போனைப் பிடித்தபடி, "என் தப்பு. நானே போய்ச் சொல்றேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மெஷின் செய்த தவறு என்று சொல்லிவிடலாம் என்றேன். "யாரு இருக்கா, யாரு போனான்னு மெஷினுக்குத் தெரியுமாடா?" என்றார் அக்கா. என் மேசையில் அந்தச் சிறிய உறையைத் தேடி எடுத்தார். அதன் மேலே எழுதியிருந்ததை அப்போதுதான் நானும் படித்தேன். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேருந்து, ஒரு மணி ஐம்பது நிமிடம். நானும் கூடப் போனேன்.

ஆனேக்கல் பெரியவர் கூடத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க. சாவு வீட்டுக்கு வந்தவங்க போறப்ப கை கால் அலம்பிட்டுப் போகணும். குழாய் அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

"மாமா, சும்மா இருங்க" என்றார் அவருடைய மருமகள்.

"நீ காப்பி போடும்மா. என்னுத படத்துக்கு முன்னால வெச்சிடு, வந்து எடுத்துக்கறேன்."

அக்கா சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. "ஐயா, தப்பு கடையில நடந்தது. கடை என்னுது. உங்க தம்பிக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"அப்படிச் சொல்லச் சொல்லி அவன் அனுப்பிச்சானா?"

அக்கா உறையை எடுத்து நீட்டினார். "இது படத்தோட வந்த கவர். எழுத்து யாருதுன்னு உங்களுக்கே தெரியும்."

உறையின் மேல் நீல மையில் எழுதியிருந்தது: 'அண்ணன். இதைத் தனியாக, முதல் பக்கத்தில், பெரிதாகப் போடவும்.' பெரியவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதை நான்கு முறை படித்தார்.

"முதல் பக்கமா?"

"முதல் பக்கம்தான்."

"அவன் கல்யாண போட்டோவுக்கும் முன்னாடியா?"

"முன்னாடிதான். கடையிலதான் பாக்காம விட்டுட்டோம்."

சற்று நேரம் உறையையே திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தப் போட்டோ வேணாம்மா. இதுல காஞ்ச முருங்கைக்கா மாதிரி இருக்கேன். இப்ப ஒண்ணு எடு" என்று எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா போனில் பதினான்கு படங்கள் எடுத்தார். அவர் ஆறாவதைத் தேர்ந்தெடுத்தார். "மால கீல போட்டுடாத" என்றபோது மருமகளும் சிரித்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். "ஐயா, உண்மையில அந்தப் பக்கம்..." என்று தொடங்கும்போதே அக்கா என் காலை மிதித்தார்.

திரும்பும் பேருந்தில், "ஏன்க்கா மிதிச்ச?" என்று கேட்டேன்.

"கடை என் பேர்ல இருக்கு. தப்பும் என் பேர்லயே இருக்கட்டும். உன் பேரச் சொன்னா நாளையிலேர்ந்து நீ வரமாட்ட. அப்புறம் போட்டோ எண்ண நான் எங்க ஆள் தேடுவேன்?"

நான்கு நாளில் அறுபது புத்தகங்களையும் அக்கா புதிதாகச் செய்தார். முன்பே போன பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க, வீடு வீடாக அவரே போனார். நானும் கூடவே போனேன். "என் தப்பு" என்று பன்னிரண்டு முறை சொன்னார், பன்னிரண்டையும் கேட்டேன். ஒரு வீட்டில் ஓர் அம்மாள், "வயசாயிடுச்சுன்னா கடைய மூடிட வேண்டியதுதானே" என்றார். "மூடிடலாம்மா. மொதல்ல இந்தப் புக்கப் பாருங்க" என்றார் அக்கா. அந்த அம்மாளின் பேரன் பிறந்தநாள் புத்தகம் அடுத்த வருடம் எங்களிடம்தான் வந்தது.

கல்யாணத்துக்கு ஆனேக்கல் பெரியவர் முதல் ஆளாக வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் பெரியவர் அக்காவைக் காட்டி, "இந்தம்மாதான் என்னச் சாகடிச்சு எழுப்பினது" என்றார். அந்தக் குடும்பத்தின் விசேஷங்களில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆல்பம் அம்மா செய்த தவறு என்றுதான் சொல்கிறார்கள். அன்றிலிருந்து, ஒவ்வொரு பழைய படத்தையும் கையில் எடுத்து, "இருக்காங்களா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்காமல் அக்கா எந்தப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

கடைசியில் இருபத்துமூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு நாள் அவரிடம், "அந்த விஷயத்த நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்க்கா" என்றேன். "நான் இருக்கறவரைக்கும் கூடாது. அப்புறம் கடை சுமதி பேருக்கு மாறிடும். அப்ப சொல்லிக்கோ" என்றார். மாறிவிட்டது. சொல்கிறேன். அந்தப் பக்கம் அச்சுக்குப் போனபோது அக்கா ஊரிலேயே இல்லை. ஒன்பது படங்களை எண்ணியவன் நான். உறையைப் படிக்காதவன் நான். ஷாயிஸ்தாவுக்கு இது தெரியும். அவளையும் அக்கா பேச விடவில்லை.

இரவு பகல் பாராமல் அக்காவைக் கவனித்த செவிலியர்களுக்கும், மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டாருக்கும், அக்காவின் நாற்காலியில் உட்காராமலேயே ஓராண்டாகக் கடையை நடத்தும் ஷாயிஸ்தாவுக்கும், இந்த மலரை வடிவமைத்த சுமதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மலரின் பன்னிரண்டு பிரதிகளை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பப் போவதில்லை. அதே பன்னிரண்டு வீடுகளுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாசலில் நின்று, என் தப்பு என்று நானே சொல்லப் போகிறேன். இரண்டு குடும்பங்கள் வீடு மாறிவிட்டன. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் மூத்த தம்பி