புள்ளிக்கோட்டில் ஒரு மாலைக் கல்லூரி

மாஸ்டர் பிளான் போடுவது என்றால், இன்னும் கட்டாத வீட்டில் யாருக்கு எந்த அறை என்று இன்றைக்கே சண்டை பிடிக்கவிட்டு, அந்தச் சண்டையைக் கோடாக வரைவது. வீடு கட்டியவர்கள், கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள், ‘சின்னத் திருத்தம்தான்’ என்ற வார்த்தையால் தூக்கம் போனவர்கள் எல்லாருக்கும் நான் படும் பாடு புரியும்.

எங்கள் திருவண்ணாமலை டவுனில் கல்லூரி நடத்தும் ஓர் அறக்கட்டளை, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பல்கலைக்கழகம் கட்டப்போகிறது. சென்னையிலிருந்து வரும் ஆர்க்கிடெக்ட் மேடத்துக்கு இங்கே கை, கால் எல்லாம் நான்தான். துறை துறையாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்பேன். கூட்டம் கூட்டுவேன். பகலில் அவர்கள் மாற்றியதை ராத்திரி வரைந்து காலையில் நீட்டுவேன்.

கம்ப்யூட்டரில் வரைய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜெராக்ஸ் கடையில் இரவு வேலை பார்த்தபோது தட்டித் தட்டிக் கற்றது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. வேலை முடித்துச் செங்கம் ரோட்டில் டீ குடிக்கும்போது கல்லூரி பஸ் வரும். அடையாள அட்டைக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஓடுவார்கள். பஸ் போன பிறகும் அந்தக் கயிறு கண்ணிலேயே நிற்கும்.

அதனால் அந்த வரைபடத்தில் எனக்கென்று ஒரே ஓர் ஆசை: மாலைக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து பட்டம் படிக்க ஒரு கட்டடம். முதல் கூட்டத்தில் அறக்கட்டளைத் தலைவர் பேச்சுவாக்கில் சொன்னார்; அன்றைக்கே வரைந்துவிட்டேன். கட்டினால் முதல் விண்ணப்பம் என்னுடையது.

மலை எங்கே?

முதல் வரைபடத்தை மேசையில் விரித்தோம். கல்லூரிப் பதிவாளர் தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மேடம் அம்புக்குறியைக் காட்டி, “இது வடக்கு சார்” என்றார். “வடக்கு இருக்கட்டும்மா, மலை எங்க?” என்றார் அவர். மலை நம் எல்லைக்குள் வராது, பல மைல் தள்ளி இருக்கிறது என்று மேடம் விளக்க விளக்க, சுற்றி இருந்த முகமெல்லாம் வாடியது.

நான் பென்சிலை எடுத்து மேற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் போட்டேன். உடனே ஆளாளுக்குத் தங்கள் துறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பதிவாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “இப்பதாங்க நம்ம ஊரு மாதிரி இருக்கு. வேற எந்த ஊருக்கோ போட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”

காலை எங்கே நீட்டுவது

பெண்கள் விடுதி அறையில் கட்டில்களைத் தலைமாடு கிழக்கே வரும்படி போட்டிருந்தோம். வார்டன் அம்மா பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தலை கிழக்கே என்றால் கால் மேற்கே, மேற்கே மலை. திருப்பிப் போட்டால் தலைமாட்டில் ஜன்னல், சாரல் அடிக்கும். குறுக்கே போட்டால் பீரோ நிற்காது.

கடைசியில் பீரோவைச் சுவருக்குள் தள்ளி, கட்டிலைக் குறுக்கே போட்டோம். விடுதி முழுவதும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று. ‘இதற்காகவா?’ என்று மேடம் மெதுவாகக் கேட்டதற்கு வார்டன் அம்மா சொன்னது: “பொண்ணுங்க மலையைப் பார்த்து காலை நீட்டிப் படுத்துட்டு, பரீட்சைல கோட்டை விட்டா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?”

பௌர்ணமியில் கூட்டம்

நிலத்தைப் பார்க்க மேடம் ஒரு தேதி குறித்தார். “அன்னைக்குப் பௌர்ணமிங்க மேடம்” என்றேன். அதற்கென்ன என்றார். அவர் செஞ்சி வழியாக நேரே நிலத்துக்கு வந்து இறங்கிவிட்டார். தலைவர், பதிவாளர், துறைத் தலைவர்கள் என்று கட்டடக் கமிட்டி மொத்தமும் டவுனுக்குள் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. சந்து சந்தாக டிவிஎஸ்-ஐ ஓட்டிக்கொண்டு நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன்.

மேற்கு ஓரத்தில், மாலைக் கல்லூரிக்கு நான் குறித்திருந்த மேட்டில் இருவரும் நின்றோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. மலை முதலில் நீலமாகி, பிறகு வெறும் விளிம்பாக நின்றது. “இவ்வளவு நல்ல இடத்தை ஏன் இதுக்குக் கொடுத்தீங்க?” என்று கேட்டார். நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவன் வகுப்புக்குள் நுழையுமுன் இங்கே கொஞ்சம் நிற்கட்டும் என்றேன். அந்த முதல் விண்ணப்பத்தையும் சொன்னேன். அவர் சொன்னார்: “அண்ணா, கமிட்டியை இங்க சாயங்காலம் மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க. பார்த்தா பிடுங்கிடுவாங்க.”

பார்த்துவிட்டார்கள்

அடுத்த வாரமே காலையில் வருவதாகச் சொன்ன கமிட்டி, சாயங்காலம் வேனில் வந்து இறங்கியது. வடை, டீ முடிந்து எல்லாரும் அந்த மேட்டுக்கே நடந்தார்கள். சத்தம் அடங்கியது. செல்போன்கள் வெளியே வந்தன. இயற்பியல் துறைத் தலைவர் தொலைநோக்கி வைக்க இடம் கேட்டார். தமிழ்த் துறைத் தலைவர், கவியரங்கத்துக்கு இதைவிட்டால் இடம் ஏது என்றார். மேடம் என்னைப் பார்த்தார்; நான் தரையைப் பார்த்தேன்.

அறக்கட்டளைத் தலைவர் அந்த இரண்டு துறைக்கும் கொடுக்கவில்லை. “கெஸ்ட் ஹவுஸ் இங்க வரட்டும். படிக்கிறவங்களுக்கு எதுக்குங்க மலை? போர்டைப் பார்த்தா போதாதா?”

கோடுதானே

மாலைக் கல்லூரி பஸ் ஷெட்டுக்குப் பின்னால் போனது. அதுவும் புள்ளிக்கோட்டில். எங்கள் தொழிலில் இப்போது கட்டுவது முழுக்கோடு. என்றைக்காவது கட்டுவது புள்ளிக்கோடு. அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும், யாரும் கேட்காமலே பெஞ்சு வரைக்கும் வரைந்து வைத்திருந்தேன். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே இப்போது ஷெட்டின் சுவர். ஆனாலும் ஜன்னலை எடுக்க மனம் வரவில்லை.

கடைசி வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது பதிவாளர் பேனாவை அங்கே வைத்தார். “இது எதுக்குங்க, அழிச்சிடலாமே? பார்க்க நெரிசலா இருக்கு.”

“இருக்கட்டும் சார்” என்றேன்.

“உங்க வீட்ல யாராச்சும் படிக்கப் போறாங்களா?”

“ஆமாங்க.”

“பையனா, பொண்ணா?”

“நான்தாங்க.”

அவர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். என் நரைத்த தாடியையும் புள்ளிக்கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை நகர்த்தி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். “அப்ப இருக்கட்டும், விடுங்க. கோடுதானே, அதுக்கு எஸ்டிமேட்டா போடப்போறோம்.”

அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை யாருக்கும் தெரியாமல் ஒரு துளி குறைத்துவிடுகிறேன், இன்னும் கொஞ்ச நாளில் பார்க்கிறவர்கள் முழுக்கோடு என்று நினைத்துக் கட்டிவிடுவார்கள்.