ஹவ்லிக் அம்மா கொடுத்த வியாழக்கிழமை

வில்மா ஹவ்லிக்கை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கோல் வலையில் கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். 1971 ஏப்ரல் மாதம். வியன்னாவில் எங்கள் ஃபாவொரிட்டன் பகுதியில், பழைய செங்கல் சூளைகளுக்கு மண் தோண்டிய பள்ளமொன்றில் தண்ணீர் நின்று குளமாகிவிட்டிருந்தது. அதன் கரையில் இருந்த சின்னக் கால்பந்து மைதானத்தை எல்லோரும் செங்கல்குளம் என்றே சொல்வோம். ஒரு பக்கம் மரப்பலகையில் நாலு வரிசை இருக்கை, இன்னொரு பக்கம் மண்மேடு, மூலையில் உடைமாற்றும் அறைகள். அவற்றோடு ஒட்டியிருந்த இரண்டு அறை வீட்டில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவ்லிக் அம்மா இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

நானும் மெலிட்டாவும் ரொட்டித் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தோம். மதிய இடைவேளையில் லாரிகள் நிற்கும் முற்றத்தில் பெண்கள் பதினான்கு பேர் பந்து விளையாடுவோம். இரண்டு ஜன்னல் உடைந்த பிறகு அதுவும் நின்றது. மைதானம் தேடி நாலு இடம் போய்விட்டு ஐந்தாவதாக இங்கே வந்திருந்தோம்.

"என்ன வேணும்?" என்றார் தலை நிமிராமல்.

"மைதானம் வேணும்மா. வாரத்துல ஒரு நாள்."

"எதுக்கு? கல்யாணமா?"

"பந்து விளையாட."

"யாரு, உங்க வீட்டுக்காரங்களா?"

"நாங்கதாம்மா."

ஊசி நின்றது. "பொம்பளைங்களுக்கு மைதானம் குடுக்கக்கூடாதுன்னு கால்பந்து சங்கத்துல விதி இருக்கே, தெரியாதா?"

"தெரியும். நாலு இடத்துல சொல்லிட்டாங்க."

"அஞ்சாவதா நானும் சொல்லிட்டேன். போயிட்டு வாங்க."

கேட் வரைக்கும் வந்துவிட்டோம். பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏய், நெட்டச்சி! நீ எங்க நிப்பே?"

மெலிட்டா திரும்பினாள். "கோல்லம்மா."

"கையக் காட்டு."

மெலிட்டா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அடுப்புத் தட்டு சுட்ட தழும்புகள் நிறைந்த பெரிய கைகள். ஹவ்லிக் அம்மா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க. அன்னிக்கு ஆம்பளைங்க வரமாட்டாங்க. ஷூவுல மாவோட எவளாவது என் புல்லுல கால வெச்சீங்க, தொலைச்சுடுவேன்."

அவர் ஏன் மனம் மாறினார் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பிறகு வந்த வியாழக்கிழமைகளில், ஆட்டம் முடிந்து கால் கழுவும்போது, துண்டு துண்டாகத்தான் சொன்னார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் செங்கல் அறுக்க போஹிமியாவிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கால்பந்து. மகன் இல்லாததால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். 1931 செப்டம்பரில், புதிதாகக் கட்டிய பிராட்டர் ஸ்டேடியத்தில் நம் நாட்டு அணி ஜெர்மனியை ஐந்து கோல் போட்டு அனுப்பிய அன்று வில்மாவுக்குப் பதினாறு வயது. வேலை பார்த்த தையல் கடையில் பொய் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த அணியை ஊரே அதிசய அணி என்று கொண்டாடிய காலம். அடுத்த வருஷம் டிசம்பரில் அவர்கள் இங்கிலாந்தோடு ஆட லண்டன் போனார்கள். ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் குளிரில் அண்ணாந்து பார்த்து நின்றார்கள், மேலே பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டாலும். நாலுக்கு மூன்று என்று தோற்றோம்.

"தோத்துட்டு ஒரு ஊரே அவ்ளோ சந்தோஷமா வீட்டுக்கு நடந்து போனத நான் அப்புறம் பார்த்ததே இல்லடி" என்பார்.

அந்த வருஷங்களில்தான் வியன்னாவில் பெண்கள் குழுக்கள் முளைத்தன. வில்மா இடது ஓரத்தில் ஓடி ஆடுபவர். கேலி பண்ண வந்தவர்கள் பாதி ஆட்டத்தில் கேலியை மறந்து நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அவர்களுடைய கோல்கீப்பர் லில்லி ஃபெல்ட்மார் யூதப் பெண், தோல்பை தைக்கிறவள், மெலிட்டா மாதிரி நெட்டை. 1938இல் ஜெர்மன்காரர்கள் வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் ஆட்டம் அதோடு முடிந்தது. லில்லி எப்படியோ கப்பலேறி ஷாங்காய் போய்ச் சேர்ந்தாள். அவள் அண்ணன் போகவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத ஆண்களைப் பிடித்து பிராட்டர் ஸ்டேடியத்தின் இருக்கைகளுக்குக் கீழே அடைத்துவைத்து, அங்கிருந்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், அவர்களில் அவனும் ஒருவன். திரும்பவில்லை. வில்மா அதற்குப் பிறகு அந்த ஸ்டேடியத்துக்குள் போகவே இல்லை. யாராவது டிக்கெட் நீட்டினால், "என்னால அங்க கைதட்ட முடியாது" என்பதோடு சரி.

போருக்குப் பிறகு செங்கல்குளம் மைதானத்தில் குண்டு விழுந்த பள்ளங்கள் நாலு இருந்தன. வில்மாவும் கணவர் கார்லும் ஒற்றைச் சக்கர வண்டியில் மண் அடித்து அவற்றை மூடினார்கள். கார்ல் மைதானக்காரராக வேலைக்குச் சேர்ந்தார். 1959இல் அவர் மாரடைப்பில் போனபோது, வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று வில்மா பெட்டி கட்டி வைத்திருந்தார். அங்கே ஆடும் கால்பந்துக் கழகத்தின் தலைவர் டோலெஷால் வந்தார். கறிக்கடைக்காரர். "பெட்டியப் பிரிச்சு வையுங்க ஹவ்லிக்கம்மா. புல்லுக்கு யார் வெட்டுறாங்கன்னு தெரியவா போவுது?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பன்னிரண்டு வருஷம் அவர் பேரைச் சொன்னாலே வில்மா எழுந்து நிற்பார்.

எங்களை உள்ளே விட்டது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கோடை முழுக்க ஆடினோம். ஒரு வியாழக்கிழமை கேட் பக்கம் தலைவருடைய கார் சத்தம் கேட்டது. ஹவ்லிக் அம்மா பந்தைத் தூக்கி ஒற்றைச் சக்கர வண்டிக்குள் போட்டு மேலே வெட்டிய புல்லைக் கொட்டினார். "கைய தூக்குங்கடி! உடற்பயிற்சி!" என்றார். பதினான்கு பேரும் வரிசையாக நின்று கையைத் தூக்கினோம், இறக்கினோம். தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்னம்மா இது?"

"ரொட்டித் தொழிற்சாலைப் பொண்ணுங்க. முதுகு வலிக்குதாம்."

"நல்லது, நல்லது. உடம்புக்கு நல்லது" என்று அவர் வண்டியின் விளிம்பில் சாய்ந்தார். வண்டி கவிழ்ந்தது. புல்லோடு பந்து உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. மெலிட்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, குப்புற விழுந்தாள். தலைவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கழகக் கான்டீனில் கமிட்டி கூடி ஹவ்லிக் அம்மாவைக் கூப்பிட்டது. மெலிட்டாவின் மாமாதான் கழகத்துக்குக் கணக்கு எழுதுபவர். அவர் அங்கே இருந்ததால் நடந்தது அப்படியே எங்களுக்கு வந்து சேர்ந்தது.

"விதிய மீறினா நம்ம ஆம்பளைங்க அணிக்கே ஆபத்து. இந்த வியாழக்கிழமையோட நிறுத்திடுங்க" என்றாராம் தலைவர்.

"முடியாது தலைவரே."

"கார்ல் போனப்போ நான் உங்களக் கைவிட்டேனா? அந்த நன்றி வேணாமா?"

"நன்றி இருக்கறதாலதான் சாவிய மேசைல வைக்கறேன். இல்லேன்னா குளத்துல வீசியிருப்பேன்."

சாவிக்கொத்தை வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே ஸிம்மரிங் பகுதியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் பொழுதுபோக்குக்காக ஒருத்தர் வீட்டை இழந்துவிட்டார் என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. நானும் மெலிட்டாவும் ஸிம்மரிங்குக்குப் போய், "நாங்க ஆடலம்மா, நீங்க திரும்பிப் போயிடுங்க" என்று கெஞ்சினோம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை நீட்டினார்.

"இன்னொரு தடவ அந்த வார்த்தையச் சொன்னீங்க, உங்களையும் சேர்த்து உரிச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை ஆம்பளைங்க ஆட்டம் இருக்கில்ல? போய் வேடிக்கை பாருங்க."

போனோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்த மைதானம் கண்டதில்லை. கமிட்டிக்காரர் இருவர் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நடுவட்டம் முட்டை மாதிரி இருந்தது. பெனால்டி கட்டத்தின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட மூன்று அடி நீளம். வெளியூரிலிருந்து வந்த நடுவர் நாடா வைத்து அளந்து, எல்லாவற்றையும் திரும்பப் போடச் சொன்னார். ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதம். இரண்டாம் பாதியில் வலை கழன்று கோல்கீப்பர் தலையில் விழுந்தது. முடிந்து குளிக்கப் போனால் வெந்நீர் இல்லை. கரி போட்டு மூட்டும் அந்தப் பழைய பாய்லரின் குணம் ஹவ்லிக் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தர் திறந்தார், புகை வந்தது. இன்னொருத்தர் உதைத்தார், புகையும் நின்றுவிட்டது.

அணித் தலைவன் எகோன் டிராம் ஓட்டுகிறவன், கோபமே வராத ஆள். உடம்பெல்லாம் சேறோடு, துண்டை மட்டும் கட்டிக்கொண்டு கான்டீனுக்குள் வந்து நின்றான்.

"தலைவரே, ஹவ்லிக்கம்மா வர்ற வரைக்கும் நாங்க ஆடலை."

"நீயுமாடா?"

"பச்சத்தண்ணில பதினோரு பேர் குளிச்சிருக்கோம். வந்து ஒரு சொம்பு ஊத்திப் பாருங்க, உங்களுக்கும் நியாயம் புரியும்."

திங்கட்கிழமை தலைவர் எகோனையும் கூட்டிக்கொண்டு ஸிம்மரிங்குக்குப் போனார். கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு கிலோ சாசேஜ். ஹவ்லிக் அம்மா வழக்கம்போல எழுந்து நின்றாராம். அதுதான் தன்னை வெட்கப்பட வைத்தது என்று தலைவரே பிறகு சொன்னார்.

"அந்த விதிய நான் எழுதலம்மா."

"உங்கள மாத்தி எழுதச் சொல்லல. முப்பத்தெட்டுல எங்களப் போகச் சொன்னாங்க. எதுத்து ஒரு வார்த்த பேசாம போயிட்டேன். அது என் நெஞ்சுல இன்னும் கெடக்கு. இந்தப் பொண்ணுங்கள என் வாயால போகச் சொல்ல முடியாது, அவ்ளோதான்."

தலைவருக்கு முப்பத்தெட்டு விஷயம் அதுவரை தெரியாது. "நீங்க ஆடினீங்களா?" என்றார். "எந்த இடத்துல?"

"இடது ஓரம்."

"நானும் இடது ஓரந்தான்" என்றாராம் கறிக்கடைக்காரர். பிறகு இருவரும் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். எகோன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

வியாழக்கிழமை கேட் திறந்திருந்தது, வெந்நீரும் இருந்தது. தலைவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சமயம் வேறு பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். விதி தளர்ந்தது. எழுபத்திரண்டில் வியன்னாவிலும் சுற்றிலும் பெண்களுக்கு லீக் தொடங்கியது. எங்களுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் டோலெஷால்தான். நெஞ்சில் அவர் கடைப் பெயரும் ஒரு பன்றித் தலையும் இருந்தன. அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். "பன்னி சிரிக்குது பாருங்கடி, நீங்க ஏன் அழறீங்க?" என்று ஹவ்லிக் அம்மா அடக்கினார்.

முதல் லீக் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே ஆறுக்கு ஒன்று என்று உதை வாங்கினோம். அந்த ஒரு கோல் என்னுடையது, தவறி முழங்காலில் பட்டுப் போனது. உடைமாற்றும் அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். ஹவ்லிக் அம்மா பெரிய பாத்திரத்தில் மாட்டுக்கறிக் குலாஷ் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "ரொம்ப நன்றிடி" என்றார்.

"எதுக்கும்மா? ஆறு கோல் வாங்கினதுக்கா?"

"தொண்ணூறு நிமிஷமும் ஒருத்தரும் வந்து நிறுத்தலையே" என்றார்.

மெலிட்டா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டாள். "குலாஷ் கொட்டுது, தள்ளுடி" என்று திட்டு வாங்கினாள்.

பதினோரு வருஷம் அங்கே ஆடினேன். "எடித், இடது கால் எதுக்குடி இருக்கு?" என்று ஹவ்லிக் அம்மா திட்டாத வியாழக்கிழமை இல்லை. இரண்டு பிள்ளைகள் பெற்றுக்கொண்டு திரும்ப வந்து ஆடினேன். புருஷனோடு சண்டை, தொழிற்சாலையில் ஆள்குறைப்பு, அம்மாவின் நோய் எல்லாம் வந்தன. வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் நான் எப்படி ஆகியிருப்பேன் என்று தெரியாது. எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், பலருக்கு மரியாதைக்காக. ஹவ்லிக் அம்மாவுக்கு மட்டும் உள்ளிருந்து வந்தது, ஆனால் சொல்லத்தான் வரவில்லை.

1978 ஜூனில் அர்ஜென்டினாவில் கோர்டோபாவில் நம் அணி மேற்கு ஜெர்மனியை மூன்றுக்கு இரண்டு என்று வென்றபோது கான்டீன் டி.வி. முன்னால் நாங்களும் ஆண்கள் அணியும் நெருக்கியடித்து நின்றோம். மூன்றாவது கோல் விழுந்ததும் எகோன் மேசைமேல் ஏறினான், மேசை உடைந்தது. தெருவில் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஹவ்லிக் அம்மாவைக் காணோம். வெளியே வந்தால், வெயில் தாழ்ந்த மைதானத்தில் குழாய் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"நம்ம ஜெயிச்சுட்டோம்மா! உள்ள வாங்க!"

"பார்த்தேன், பார்த்தேன். ஜெயிச்சா புல்லு காயாதா? அந்தப் பக்கத்து முனையப் பிடி, மடங்குது."

பிடித்தேன். குழாய் மடங்காமல் இருவரும் மைதானம் முழுக்க நடந்தோம்.

1991 பிப்ரவரியில் மருத்துவமனையில் இருந்தார். இந்தத் தடவை எப்படியும் சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் அன்னிக்கு எங்களக் கூப்பிடலேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடியபடியே சொன்னார்: "எடித், நீ கடைசி வரைக்கும் வலது காலால மட்டும்தான்டி ஒதைச்சே."

சிரித்துக்கொண்டே அழுதேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.