நஸீமா அக்காவின் கோரலில் நோய் எதுவும் இல்லை

நஸீமா அக்கா நேற்று காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்... மகள் போன் செய்து சொன்னாள்.

கேளம்பாக்கத்தில் வீட்டு ஹாலிலேயே கடல்நீர் டேங்குகள் வைத்து, கோரல், அதாவது உயிருள்ள பவளம், வளர்த்து விற்றவர். பீர்க்கன்கரணையில் என் வீட்டு ரெண்டடி டேங்கில் இருந்த கோரல் எல்லாமே அவர் வளர்த்துக் கொடுத்ததுதான்.

முதல் தடவை போனபோது எதையும் விற்கவில்லை. நான் பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை டெஸ்ட் செய்துவிட்டு, "இதுல போட்டா செத்துடும் சார். மூணு வாரம் போவட்டும், அப்புறம் வாங்க" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

அப்புறம் எனக்கு அனிமோன் மேல் ஆசை வந்தது. பூ மாதிரி விரியுமே, ஒரு கடல் பிராணி... அது.

"வேணாம் சார். அது ஒரு எடத்துல ஒக்காராது, நகர்ந்துகினே இருக்கும். போற வழியில கீற கோரலையெல்லாம் கொட்டிடும். உங்க டேங்க்ல ஒதுங்கக்கூட எடமில்ல."

நான் கேட்கவில்லை. வேறொரு கடையில் வாங்கி வந்து போட்டேன்.

பத்து நாளில் கோரல் ஒவ்வொன்றாகச் சுருங்க ஆரம்பித்தது. பட்டன் பட்டனாகப் பூத்திருந்தவை கரைந்தே போயின. அந்தக் கோபத்தில் எங்கள் அக்வேரியம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு எழுதினேன்... நஸீமா அக்கா நோய் பிடித்த கோரலை விற்கிறார், யாரும் வாங்காதீர்கள் என்று.

குரூப்பில் அவர் பதிலே சொல்லவில்லை. மறுநாள் மதியம் ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரோடு.

"புதுசா எதனா போட்டீங்களா சார்?"

"இல்லக்கா."

பொய். கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

அக்கா டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். கல்லுக்குப் பின்னால், கோரல்களை ஒட்டி, அது நன்றாக விரிந்து உட்கார்ந்திருந்தது.

"அப்போ இது யாரு சார்?" என்றார். கத்தவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிழைக்கக்கூடிய நான்கு துண்டுகளை பக்கெட்டில் எடுத்துக்கொண்டார். தேற்றித் தருகிறேன் என்றார். "குரூப்ல இன்னிக்கே மாத்தி எழுதிடுறேன்க்கா" என்றேன். "எழுதுங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

எழுதவில்லை. முதலில் வெட்கம். அப்புறம் சோம்பல். அப்புறம்... எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ரெண்டு பேர் அவரிடம் வாங்குவதை நிறுத்தியது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அந்த நான்கில் மூன்றைப் பிழைக்க வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் குரூப் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் அக்கா...

நேற்று போயிருந்தேன். வாசலில் மகள் சொன்னாள், "பீர்க்கன்கரணை சார்தானே? அம்மா சொல்லுவாங்க, நீங்க இப்ப டேங்க நல்லா பாத்துக்கறீங்கன்னு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

இன்று காலை குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அனிமோன், நான் சொன்ன பொய், எல்லாம். நிறைய பேர் கும்பிடும் எமோஜி போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்று கேட்டிருக்கிறார்.

ஆமாம். சொல்லியிருக்கலாம்.

மன்னிச்சிடுங்க அக்கா. அமைதியா தூங்குங்க.