அம்புரோஸின் கட்டைவிரல்

துப்பாக்கியின் வாயை மூலையில் கிடக்கும் மணல் மூட்டைப் பக்கம் திருப்பிய பிறகுதான் அம்புரோஸ் வந்தவரின் முகத்தைப் பார்க்கிறார். "காலித் துப்பாக்கிதாங்க" என்கிறார் வந்தவர். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "காலின்னு ஆரு சொன்னது? நீ சொல்றியா, அது சொல்ச்சா?" என்று கேட்டபடியே அம்புரோஸ் துப்பாக்கியின் சுத்தியல்போல் அடிக்கும் குதிரையை மெல்லத் தூக்குகிறார். அதன் அடியில் கேப்பு என்ற சிறு வெடிமூடி ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பி எடுத்துத் தண்ணீர் டப்பாவில் போடுகிறார். பிறகு தன் கோலை எடுக்கிறார்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் போகும் சந்தில் அவருடைய கடை இருக்கிறது. பலகையில் எழுதியிருப்பது பூட்டு, ஸ்டவ், குடை ரிப்பேர். துப்பாக்கி என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டுப் பறவைக்காரர்களும் உப்பளக் காவல்காரர்களும் தங்கள் நாட்டுத் துப்பாக்கிகளைக் கோணியில் சுற்றிக்கொண்டு இந்தச் சந்துக்குத்தான் வருகிறார்கள். தோட்டாத் துப்பாக்கியென்றால் ஒடித்துத் திறந்து உள்ளே பார்த்துவிடலாம். வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரே வாசல். அந்த வாசலில் கண்ணை வைத்துப் பார்ப்பவன் மறுபடி எதையும் பார்க்காமல் போகலாம். ஊதிப் பார்ப்பவர்களும் உண்டு. விசையை இழுத்துப் பார்ப்பவர்கள்கூட உண்டு. அம்புரோஸ் இவர்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்: குருடன், ஊமை, பொணம்.

அவர் முறை எளிமையானது. கோல் தேக்கில் செய்தது, நுனியில் பித்தளைப் பூண், எந்தக் குழாயைவிடவும் ஒரு முழம் கூடுதல் நீளம். அதைக் குழாயின் வாய்க்கு எதிரே நிற்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டு விரலால் மட்டும் பிடித்து உள்ளே இறக்குகிறார். வெடித்தால் போவது இரண்டு விரலோடு போகட்டும் என்பது கணக்கு. கோல் எதிலோ போய் நிற்கிறது. நின்ற இடத்தில், குழாய் வாயின் விளிம்போடு கோலின்மேல் கட்டைவிரலை அழுத்துகிறார். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். அப்படியே வெளியே இழுத்து, விரல் குழாயின் வாய்க்கு நேராக இருக்கும்படி கோலைக் குழாயின் வெளிப்புறத்தில் கிடத்துகிறார். நுனி, கேப்பு மாட்டும் குமிழ்வரை எட்டினால் துப்பாக்கி காலி. எட்டாமல் நின்றால் அந்த இடைவெளி எதுவோ அதுதான் உள்ளே கிடக்கும் சரக்கு. ஒரு தடவைக்கான மருந்தும் ஈய ரவையும் தேங்காய் நாரும் சேர்த்து நாலு விரல்.

அந்த நாலு விரலை அவர் தன் விரலால் அளப்பதில்லை. "என் வார்த்தய நம்பாத. உன் வெரல வெச்சுப் பாரு" என்பார். வந்தவர் கையை நீட்டி, இடைவெளியில் விரல்களைப் படுக்க வைப்பார்; நாலும் அடங்கியதும் முகம் வெளிறும். அந்த வெளிறலைப் பார்ப்பதில் அம்புரோஸுக்கு ஒரு திருப்தி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வேறு திருப்தி எதுவும் அவருடைய தொழிலில் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஒருமுறை அத்திப்பட்டு உப்பளத்துக் காவல்காரர் ராசையா கொண்டுவந்த துப்பாக்கியில் எட்டு விரல் இடைவெளி. "இன்னா நைனா, உள்ள ரெண்டு குடித்தனம் கீது!" என்றார் அம்புரோஸ். தூறலில் துப்பாக்கி வெடிக்கவில்லை, கேப்பு மட்டும் டிக்கென்று அடங்கிவிட்டது, ஆகவே இன்னொரு தடவை மருந்து போட்டுக் கெட்டித்தேன் என்று ராசையா ஒப்புக்கொண்டார். "அடி மருந்து நனஞ்சிட்சின்னா மேல எத்தினி போட்டாலும் நெருப்பு ஏறாதுய்யா. இது தெரியாதா உனுக்கு?" தெரியுமாம். அந்த நேரத்தில் தெரியவில்லையாம். "அந்த நேரத்துல ஆருக்கும் தெர்ல" என்று அம்புரோஸ் தலையாட்டிக்கொண்டார். திருகாணி மாட்டிய இன்னொரு கோலை விட்டு இரண்டு குடித்தனத்தையும் காலி செய்ய ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

யுத்த காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆயுதக் கிடங்கில் அவருக்குத் துப்பாக்கி துடைக்கும் வேலை. பிடிபட்ட பழைய துப்பாக்கிகளும் அங்கே வரும். காலி என்று சீட்டுக் கட்டியிருந்த ஒன்றை அவருடைய தோஸ்து சிலுவைமுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். மேற்கொண்டு அம்புரோஸ் சொல்வதில்லை. யுத்தம் முடிந்து எட்டு வருஷமாகியும் சீட்டு எழுதிய கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறார்.

இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைச் சுட்டதில்லை. "சத்தம் ஒத்துக்காது சார்." இரும்பை நம்பாத இந்த மனிதர் மனிதர்களை மட்டும் வஞ்சனையில்லாமல் நம்புகிறார். மழை பிடித்துக்கொண்டால் ரிப்பேருக்கு வந்த குடைகளை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். என் குடை அவர் கடையில் மூன்று வருஷமாக இருக்கிறது; நடுவில் காசிமேடுவரை போய் வந்திருப்பதாகக் கேள்வி. வீட்டிலோ, காபிக் கூஜாவைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் தூக்குகிறார். அவர் மனைவி பிலோமி சொல்கிறாள்: "கொயந்திங்க பொம்மத் துப்பாக்கி வெச்சிருந்தாலும் புடிங்கி கோல வுட்டுப் பாக்கறாரு. நான் வாயத் தொறந்துகினு தூங்கனா அதுலயும் வுடுவாரு இந்த மன்சன்."

"உன் வாயி எப்பவும் ரொம்பித்தான் கீது. பாக்கவே வாணாம்" என்கிறார் அம்புரோஸ்.

சென்ற தை மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கெங்கம்மா வந்தாள். காலடிப்பேட்டைக்காரி. அவளுக்குப் பத்தடி பின்னால், கோணி சுற்றிய துப்பாக்கியைப் பிணம் தூக்குவதுபோல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் கொழுந்தன் குமாரவேல் வந்தான். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காரியத்துக்கு வந்தவர்கள். ஆனால் அவன் கடைக்குள் நுழைந்ததும் அவள் வெளியே போய் நின்றாள். அவன் துப்பாக்கியை வைத்துவிட்டு வெளியே போனதும்தான் உள்ளே வந்தாள்.

"அண்ணே, இதுல மருந்து கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு. டேசன்ல கொண்டாந்து ஒப்படைக்கச் சொல்றாங்கோ. ஏட்டையா, காலின்னு ஒருத்தன் பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்றாரு."

ஏட்டையா ஒரு சாக்குதான். எண்ணூர் உப்பங்கழியில் வாத்து சுட்டு விற்று வந்தவன் அவள் புருஷன் தேசப்பன். மில்லில் அடிபட்டதிலிருந்து இடது கால் பெயருக்குத்தான் கால், தண்ணீரில் உதவாது. மார்கழிக் கடைசியில் ஒரு மாலை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தோணியில் போனார்கள். பனி இறங்கியது. தம்பி கரையேறிவிட்டான். அண்ணன் ஏறவில்லை. மறுநாள் முகத்துவாரத்தில் அவனுடைய தோணி பாதி மூழ்கி நின்றது. துப்பாக்கி குறுக்குப் பலகையில் கட்டிய நீள வாரில் கிடந்தது. மூன்றாம் நாள் தேசப்பன் கரைக்கு வந்தான்.

கழியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு வைத்த பிறகு யாரும் பறவை சுடுவதில்லை. பொழுது சாய்ந்தபின் ஒரு வெடி கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்: ஆபத்து, வா. கேட்டவன் எவனாக இருந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும். அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு ஒரு வெடிச் சத்தம் கேட்டதாக, அப்போது கழிக்கரையில் இருந்த பக்கத்து வீட்டு பூவம்மா சொல்லிவிட்டாள். பனியில் ரயில் ஓட்டுபவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசாகவும் இருக்கலாம். ஆனால் பதினாறு நாள் துக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தண்டவாளம் எங்கே ஞாபகம் வரும்?

"நான் பாக்கத்தான் கெட்டிச்சிகினு போனாரு" என்றாள் கெங்கம்மா. "அன்னிக்கு ஒரு பறவகூட வியல, ரெண்டு பேரும் சுடவேயில்லன்னு இவனே சொல்றான். அப்போ மருந்து உள்ள இருக்கணுமில்ல? இல்லாங்காட்டி?"

இல்லாவிட்டால் தேசப்பன் சுட்டிருக்கிறான். சுட்டிருந்தால், கரையில் வலை உலர்த்தும் கம்பத்தடியில் நின்றிருந்த தம்பி அதைக் கேட்டிருக்கிறான். கேட்டும் போகவில்லை.

வாசலிலிருந்து குமாரவேல் சொன்னான்: "எனக்குக் கேக்கலண்ணி. சத்தியமா கேக்கல. கேட்டா வராம இருப்பனா? அவுரு என்னைத் தூக்கி வளத்தவரு."

"அவன வாய மூடிகினு இருக்கச் சொல்லு அண்ணே" என்றாள் அவள். "இவன் கையால ஒரு வா தண்ணி நான் வாங்கல, எம் புள்ளிங்களும் வாங்கல. இது காலின்னா, நாங்க எங்க ஆத்தா வூட்டுக்கே போய்ட்றோம். இவன் மூஞ்சில முயிக்க மாட்டோம்."

அம்புரோஸ் கோணியைப் பிரித்தார். கட்டை உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. வாயை மூட்டைப் பக்கம் திருப்பினார். குதிரையைத் தூக்கினார். குமிழில் நசுங்கிய கேப்பு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்து, ஒரு கணம் பார்த்து, தண்ணீரில் போட்டார். வெடித்த கேப்பு அது. நான் பார்த்தேன். கெங்கம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

ஒதுங்கி நின்று கோலை இறக்கினார். வழக்கமாகக் கோல் நிற்கிற இடம் எனக்கும் இப்போது பழக்கம். அதற்கு வெகு முன்னதாகவே நின்றுவிட்டது. அம்புரோஸ் கட்டைவிரலை விளிம்பில் அழுத்தினார். நகம் வெளுத்தது. குமாரவேல் வாசலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கெங்கம்மா கோலைப் பார்க்கவில்லை, அம்புரோஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோலை வெளியே இழுக்கும்போது அந்தக் கட்டைவிரல் நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத காரியம். வழுக்கி நகரவில்லை, மெதுவாக, அளந்து, கோலின்மேல் ஏறிப் போய் ஓரிடத்தில் நின்று மறுபடி அழுத்திக்கொண்டது.

குழாயின்மேல் கோலைக் கிடத்தினார். "உன் வெரல வெச்சுப் பாரு தங்கச்சி."

அவள் கையை நீட்டினாள். நாலு விரலும் அடங்கின. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

"கெட்டிச்சது கெட்டிச்சாப்லயே கீது" என்றார் அம்புரோஸ். "சுடல."

வாசலில் குமாரவேல் அப்படியே குந்தி, தலையை முழங்காலுக்கிடையில் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் சத்தம் போட்டு அழுதான். கெங்கம்மா விரல்களை எடுக்கவேயில்லை.

"அப்போ கூப்டவேயில்லியா? கூப்டக்கூட நேரமில்லாம டக்குனு பூட்டாரா?"

"டக்குனுதான் பூட்ருப்பாரு."

"கஷ்டப்பட்ருக்க மாட்டாரில்ல?"

"மாட்டாரும்மா. பனியில ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." பிறகு, அவசரமாக, "மருந்த நான் எடுத்து வெக்கிறேன். நாளிக்கு வந்து வாங்கிக்கோங்கோ. இன்னிக்கு வாணாம்" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அழுதுகொண்டிருந்தவன் முன்னால் நின்றாள். "எந்திரி. புள்ளிங்க பசியோட இருக்கும்" என்றாள். இந்தத் தடவை அவன் பின்னால் வரவில்லை; பக்கத்தில் நடந்தான்.

அவர்கள் சந்து திரும்பும்வரை அம்புரோஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, கோலை மறுபடி குழாய்க்குள் இறக்கினார். விளிம்பில் விரலை வைத்தார். வெளியே எடுத்தார். இம்முறை விரல் நகரவில்லை. குழாயின்மேல் கிடத்தி, வழுக்காமல் இரண்டையும் சேர்த்து ஒரு குடைக்கம்பியால் கட்டினார்.

"தோணியில தண்ணி ஏறிச்சில்ல, மருந்து நனஞ்சிட்ச்சி" என்றார், துப்பாக்கியைப் பார்த்தபடியே. "கேப்பு அட்ச்சிகீறான். வெடிக்கல. மறுபடி கெட்டிச்சிகீறான். இருட்டு, தண்ணி முட்டிக்கு வந்துகினுகீது. மறுபடி அட்ச்சிகீறான். கூப்ட்டுகினேதான் இருந்துகீறான் சார். இதான் வாயத் தொறக்கல."

இடது கையை எடுத்து இடைவெளியில் நாலு விரலையும் படுக்க வைத்தார். அதை ஒட்டி வலது கையின் நாலு விரல். அதற்குப் பிறகும் கோலின் நுனிவரை வெறும் இரும்பு தெரிந்தது. இரு கையையும் எடுக்காமல் அம்புரோஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் என் கையை வைத்தேன். நாலு விரலும் அடங்கின.