கூடத்தில் மாட்டாத சுவிட்ச்

“நான் பார்த்தபோது மெயின் சுவிட்ச் இறக்கியே இருந்தது.” புயல் கழிந்த ஒன்பதாம் நாள், மாலை நாலரை மணிக்கு, விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் இரண்டாவது வரி இது. நகல் என்னிடம் இருக்கிறது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எங்கள் ஊர் வயர்மேனுக்கு என் வயதுதான். அவருடைய தந்தை எங்கள் நிலத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். அப்பா வெளியேற்றப் பார்த்தபோது அவர் வழக்குப் போட்டார். கழக ஆட்சிகள் மாறி மாறி வந்த காலமெல்லாம் இழுத்த வழக்கு கடைசியில் அவர் பக்கம் தீர்ந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தார் எங்கள் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆனால் ஊரில் வேறு வயர்மேன் இல்லை.

புயலுக்கு முந்தைய மாதம் ஜெனரேட்டர் வாங்கினோம். அதன் வயரைச் செருகுவதற்காகக் கொல்லைப்புறச் சுவரில், மழை படாத மூடியோடு ஒரு பிளக் பெட்டி பதிக்க அவர் வந்தார். பதித்து முடித்து, சுவரில் ஒட்டிய செங்கல் தூளைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “ஐயா, வெளியில பொட்டி வச்சா மட்டும் பத்தாதுங்க. உள்ள மெயின் பக்கத்துல சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடணும். இல்லாட்டி, ஜெனரேட்டர் போடறப்ப மெயினை இறக்க மறந்தா நம்ம கரண்டு தெருக் கம்பிக்குப் போயிடும். போஸ்ட்ல இருக்கறவன் செத்தான்.”

மெயின் போர்டு கூடத்தில் இருந்தது.

“உங்கப்பன் கோர்ட்டு ஏறினான். நீ என் கூடத்துல ஏறப் பாக்குறியா?” என்றார் அப்பா.

“அவரு எங்கங்க ஏறினாரு? வாய்தாவுக்கு வாய்தா படிக்கட்டுலதானே உக்காந்திருந்தாரு” என்று அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

வயர்மேன் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல, சுவர்த் துளை வழியாக வந்த வயரை நான் போர்டில் முடுக்கினேன். அவர் வாங்கி வந்திருந்த சேஞ்ச் ஓவர் சுவிட்சை மாட்டும் அளவுக்கு எனக்கு வேலை தெரியாது. “விடுங்க சார். ஐயா வெளியூர் போற அன்னைக்கு ஒரு போன் அடிங்க, அரை மணி நேர வேலை” என்றார். அப்பா இரண்டு முறை திருவிடைமருதூர் கோயிலுக்குப் போனார். இரண்டு தேதிகளும் என் குறிப்பேட்டில் உள்ளன. நான் போன் செய்யவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், நாற்பத்தைந்து வயதில்.

புயல் கழிந்த ஆறாம் நாள், கம்பி இழுக்க வந்த ஆட்களோடு வயர்மேனும் எங்கள் தெருப் போஸ்டில் ஏறினார். மேலே டெஸ்டர் வைத்துப் பார்த்து, “கரண்டு இல்லப்பா” என்று குரல் கொடுத்தாராம். சற்று நேரத்தில் தூக்கி எறியப்பட்டார். உயிர் அங்கேயே போய்விட்டது. நான் தஞ்சாவூரில் வேலையில் இருந்தேன். மாலையில் வந்து பார்த்தபோது ஜெனரேட்டர் சூடாக இருந்தது. மெயின் இறங்கியிருந்தது. “நான் எப்பவும் இறக்கிட்டுத்தான் போடுவேன்” என்றார் அப்பா, நான் கேட்காமலே.

சூட்டைப் பற்றி அதிகாரி கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டியில் கிடந்த சுவிட்சைப் பற்றியும் எழுதவில்லை. இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை முடிந்தது. அவர் மனைவி அதைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்: “கவனக்குறைவுன்னு எப்புடிங்க சார் எழுதுவாங்க? பல்பு மாட்டுனாக்கூட ரெண்டு தடவை டெஸ்டர் வச்சுப் பாக்குற மனுசனாச்சே.” தாளை மடித்துக் கொடுத்தேன்.

அப்பா இப்போது இல்லை. தெருவில் அன்று வேறு இரண்டு வீடுகளிலும் ஜெனரேட்டர் ஓடியது. அவர்களும் மெயினை இறக்கியிருந்ததாகவே சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மெயின் விபத்துக்கு முன்பே இறங்கியிருந்ததா, பிறகு இறக்கப்பட்டதா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.